மாடி பாத்ரூமில் சுடுதண்ணீர் நூல் மாதிரி வருகிறதா?

(திரையில்: புது டைல்ஸ் ஒட்டிய பாத்ரூம். ஷவரைத் திறக்கும் கை.)

வணக்கம். இது எங்கள் அக்கா வீட்டு மாடியில் புதிதாக எடுத்த ரூம், அதோடு ஒட்டிய பாத்ரூம். பச்சைத்தண்ணீர் பக்கம் திருப்பினால் ஓரளவு வருகிறது. சுடுதண்ணீர் பக்கம் திருப்பினால் பாருங்கள், நாலைந்து நூல், அதுவும் சுவரோரமாக வழிகிறது. கீழ் பாத்ரூமுக்கும் இதே தொட்டித் தண்ணீர்தான், அங்கே ஒரு குறையும் இல்லை. கீசர் பழுது என்று நினைத்து ஆளைக் கூப்பிட்டார்கள், அவர் பார்த்துவிட்டு கீசர் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். அது உண்மை.

முதல் விஷயம் உயரம். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு உயரம்தான் பிரஷர், 10 மீட்டர் இறங்கினால் சுமார் 1 பார் (பிரஷரை அளக்கும் அலகு). இங்கே தொட்டி மேடை 3 அடி, தளத்துக்குக் கீழே ஷவர் 3 அடி, பாதித் தொட்டித் தண்ணீருக்கு ஒன்றரை அடி சேர்த்தாலும் ஏழரை அடிதான் ஆகிறது. 0.2 பாரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். கீழ் வீட்டுக்கு இன்னும் 10 அடி கூடுவதால் 0.5 பார் கிடைத்துவிடுகிறது.

சரி, பச்சைத்தண்ணீர் வருகிறதே, சுடுதண்ணீர் மட்டும் ஏன் வரவில்லை?

(திரையில்: குறுக்கே வெட்டிய கனெக்‌ஷன் ஹோஸ்.)

இதைப் பாருங்கள். வெளியே அரை இன்ச் நட்டு, உள்ளே ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் துளை. சுடுதண்ணீர் என்றால், ஆங்கிள் காக் (சுவரில் இருக்கும் திறந்து மூடும் குழாய்), இந்த ஹோஸ், கீசர் வாயில் இருக்கும் சேஃப்டி வால்வு, மறுபடியும் ஒரு ஹோஸ், அப்புறம் சுவருக்குள் நாலைந்து எல்போ வளைவு என்று எல்லாவற்றையும் தாண்டி வர வேண்டும், ஒவ்வொன்றும் கொஞ்சம் தின்றுவிடும். கையில் இருப்பதே 0.2 பார் என்றால் கடைசியில் என்ன மிஞ்சும்? போர் தண்ணீர் வீடாக இருந்தால் உப்பு வேறு படிந்து அடைக்கும். அதற்காக அந்த சேஃப்டி வால்வை மட்டும் தயவுசெய்து கழற்றிவிடாதீர்கள், கீசர் வெடிக்காமல் காப்பது அதுதான்.

சுவருக்குள் போகும் பைப்பில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். சுடுதண்ணீருக்குப் போடும் சிபிவிசி என்ற பிளாஸ்டிக் பைப்பில், அரை இன்ச் பைப்பின் உள் விட்டம் 12 மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், முக்கால் இன்ச்சில் 18. அதே அளவு தண்ணீர் ஓடும்போது முக்கால் இன்ச்சில் பிரஷர் இழப்பு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். விலை வித்தியாசம் சில நூறு ரூபாய்க்காக அரை இன்ச்சைப் புதைத்து டைல்ஸ் ஒட்டிவிட்டால் அப்புறம் உடைக்கத்தான் வேண்டும். ஷவர் முனை வரை முக்கால், கடைசியில் மட்டும் அரை என்று பிளம்பரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தொட்டியிலிருந்து கீழே இறங்கும் பழைய டவுன் லைனில் டீ (மூன்று வழி இணைப்பு) போட்டு இழுக்க விடாதீர்கள், யாராவது ஃபிளஷ் செய்தால் ஷவர் நின்றுவிடும். தொட்டியிலிருந்தே ஒன்றேகால் இன்ச்சில் தனி லைன், பக்கத்தில், லைனில் சிக்கும் காற்று வெளியேறத் தொட்டியைவிட உயரமாக ஒரு ஏர் பைப்.

அக்கா வீட்டில் டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது. தொட்டியை உயர்த்தலாம் என்றால் ஒரு அடிக்கு 0.03 பார்தான் கூடும், 1000 லிட்டர் தொட்டி ஒரு டன் கனம், பில்லருக்கு மேலே வருகிற மாதிரி மேடை கட்ட வேண்டும். அதனால் பிரஷர் பம்ப் வைத்தோம். அதைத் தொட்டி வாயிலேயே வைக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே பிரஷர் போகும். பச்சைத்தண்ணீர் லைனில் மட்டும் வைத்தால் இரண்டு தண்ணீரும் கலக்கும் மிக்ஸர் குழாய்க்குள் அது சுடுதண்ணீரை வரவிடாமல் தள்ளிவிடும். பம்பின் பிரஷர் கீசர் தகட்டில் போட்டிருப்பதைவிடக் குறைவாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

(திரையில்: ஷவருக்கு அடியில் பக்கெட், பக்கத்தில் கடிகாரம்.)

10 லிட்டர் பக்கெட். சுடுதண்ணீர் மட்டும் திறந்தால் முன்பு நிரம்ப நாலு நிமிடத்துக்கு மேல் ஆனது, இப்போது ஒன்றரை நிமிடம். உங்கள் வீட்டில் சுவர் பூசுவதற்கு முன்னாலேயே இதை ஒரு தடவை அளந்து பாருங்கள்.