பொலோஞ்ஞா: தாழ்வாரங்களின் வழியே ஒரு நகர் உலா

நேயர்களுக்கு வணக்கம். இத்தாலிக்குச் செல்வோர் பெரும்பாலும் ரோமையும் வெனிஸையும் பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர். நடந்து பார்ப்பதற்கென்றே ஒரு நகரைச் சொல்லுங்கள் என்று கேட்டால், நான் பொலோஞ்ஞாவைத்தான் சொல்வேன். அங்கே வெயிலோ மழையோ நடப்பவரை அவ்வளவாகத் தீண்டுவதில்லை.

அதற்குக் காரணம், வீடுகளின் முன்புறம் தூண்கள் தாங்கி நிற்கும் தாழ்வாரங்கள். பல்கலைக்கழகத்தை நாடி மாணவர்கள் வந்து குவிந்த காலத்தில், இடம் போதாமல் மேல்மாடிகளைத் தெருப்பக்கம் நீட்டிக் கட்டினார்கள். நீண்ட பகுதியைத் தாங்கத் தரையிலிருந்து தூண்கள் எழுந்தன. 1288-இல் நகராட்சி, புதிய வீடுகளுக்குத் தாழ்வாரம் கட்டாயம் என்று சட்டமே இயற்றியது. குதிரைமேல் வருபவரும் கடந்து செல்லும் உயரம் வேண்டும். இடமும் பராமரிப்பும் வீட்டுக்காரருடையவை, நடக்கும் உரிமையோ ஊராருடையது. இந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். இன்று நகரில் மொத்தம் ஏறத்தாழ 62 கிலோமீட்டர் நீளத்துக்குத் தாழ்வாரங்கள் உள்ளன. 2021-இல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுச் சின்னங்களில் சேர்த்தது.

ஆகவே உலாவை நகரின் நடுவிலுள்ள மஜ்ஜோரே சதுக்கத்தில் தொடங்காமல், ஸ்திராதா மஜ்ஜோரே தெருவில் தொடங்குங்கள். அங்குள்ள இசோலானி வீட்டின் தாழ்வாரத்தை 13-ஆம் நூற்றாண்டின் ஓக் மரத் தூண்கள் இன்றும் தாங்குகின்றன. அண்ணாந்து பார்த்தால், கல்லுக்கு முன் நகரம் மரத்தால் நின்ற காலம் கண்ணெதிரே தெரியும்.

அதே தெருவில் மேற்கே நடந்தால் இரு கோபுரங்கள். அசினெல்லி 97 மீட்டர் உயரம். அருகே சாய்ந்து நிற்கும் கரிசெண்டாவைக் கவிஞர் தாந்தே தமது காவியத்தில் பாடியிருக்கிறார். அதன் சாய்வு கவலையளித்ததால், 2023 அக்டோபரில் சுற்றுப்புறத்தை அடைத்தார்கள்.

அங்கிருந்து மஜ்ஜோரே சதுக்கம் சில நிமிட நடைதான். 1390-இல் கட்டத் தொடங்கிய சான் பெத்ரோனியோ பேராலயத்தின் முகப்பு, கீழே சலவைக்கல்லும் மேலே பூச்சில்லாத செங்கல்லுமாக இன்றுவரை முடிவுறாமல் நிற்கிறது. உள்ளே 1655-இல் வானியலாளர் கசீனி தரையில் பதித்த நண்பகல் கோடு இருக்கிறது. கூரைத் துளையின் வழியே விழும் சூரிய ஒளி, உச்சிவேளையில் அந்தக் கோட்டைக் கடக்கும். ஒளி விழும் இடம் பருவத்துக்கேற்ப முன்னும் பின்னும் நகரும். வெயிலுள்ள நாளில் அந்த நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

ஆலயத்தை ஒட்டியுள்ள ஆர்க்கிஜின்னாசியோ, பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம். சுவர் முழுவதும் மாணவர்களின் குலச்சின்னங்கள். அங்கே உடற்கூற்றியல் பயில மரத்தால் அமைத்த அரங்கம் 1944 ஜனவரியில் குண்டுவீச்சில் நொறுங்கியது. இடிபாடுகளில் கிடைத்த துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து, அதை மீண்டும் எழுப்பினார்கள். தோலுரித்த மனித உருவங்களாகச் செதுக்கிய இரு மரச் சிலைகள் அங்கே ஆசிரியர் இருக்கைக்கு மேலுள்ள விதானத்தைத் தாங்கி நிற்கின்றன. தசைகளின் ஒவ்வோர் இழையையும் அவற்றில் காணலாம்.

கால்களில் தெம்பு மிச்சமிருந்தால், சரகோசா வாயிலிலிருந்து சான் லூக்கா குன்றுக்கு ஏறுங்கள். 1674-இல் கட்டத் தொடங்கிய அந்தத் தாழ்வாரம், 666 வளைவுகளோடு ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் நீள்கிறது. ஆண்டுதோறும் மே மாதத்தை ஒட்டி, குன்றின் மேலுள்ள ஆலயத்திலிருந்து மாதா திருவுருவத்தை நகருக்குக் கொண்டுவருவது இந்த வழியேதான்.