மனச்சோர்வுக்கும் மாங்காய்க் காலத்துக்கும் என்ன தொடர்பு?

(காட்சி: கிருஷ்ணகிரி அருகே மாந்தோப்பு, விடிகாலை)

மனச்சோர்வுக்குப் பருவம் உண்டா? உண்டு என்று 1984இல் அமெரிக்காவில் நார்மன் ரோசன்தாலும் அவருடைய குழுவினரும் எழுதினார்கள். குளிர்காலம் வந்ததும் சிலருக்கு மனம் மங்கிவிடுகிறது. பகல் நீண்டதும் தெளிகிறது. இவர்களில் பெண்களே அதிகம். தினமும் காலையில் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) தரும் விளக்கின் முன் உட்காருவது இதற்கு ஒரு சிகிச்சை.

அவசரப்பட்டு அந்த விளக்கை வாங்கிவிடாதீர்கள். டிசம்பரில் ஸ்டாக்ஹோமின் பகல் ஆறு மணி நேரம்தான். கிருஷ்ணகிரியில் மார்கழியிலும் 11 மணி நேரத்துக்கு மேல் பகல் இருக்கிறது. வாசலுக்கு வந்தாலே வெளிச்சம் கொட்டிக் கிடக்கிறது.

(காட்சி: மூளையின் வரைபடம்)

வெயில் அதிகமுள்ள நாளில் மூளையில் மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் என்ற வேதிப்பொருள் அதிகமாக உற்பத்தியாகிறது என்று 2002இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. ரத்தம் கொடுத்த 101 பேரும் ஆண்கள்! மனச்சோர்வு அதிகம் வருவது பெண்களுக்கு, சோதித்தது ஆண்களை.

(காட்சி: மாங்காய் ஏற்றிய லாரிகள்)

நம் பக்கத்தில் குணமாவதைக் கெடுப்பது இருட்டு அல்ல, வேலைக்காலம் என்பது என் எண்ணம். கணக்குப் போட்டுப் பாருங்கள். மனச்சோர்வு மாத்திரையின் பலன் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். தெளிந்த பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும். தையில் தொடங்கிப் பங்குனியில் தெளிந்தவருக்குப் புரட்டாசி வரை மாத்திரை உண்டு. நடுவில்தான் தோத்தாபுரி ரக மாங்காய், மாங்கூழ் ஆலைகளுக்குப் போகும் வைகாசியும் ஆனியும். ஆலையில் நின்று மாங்காய் நறுக்கிவிட்டு வந்து சோறும் ஆக்கும் பெண்ணுக்குத் தூக்கம் கெடுகிறது. மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போகிறது.

ஆணின் கதை வேறு. தர்மபுரியிலிருந்து கட்டட வேலைக்குப் பெங்களூரு போகிறவர், உடன் தங்கியிருப்பவர்கள் பார்த்துவிடுவார்களே என்று மாத்திரை அட்டையை வீட்டிலேயே விட்டுச் செல்கிறார். அவருடைய மனச்சோர்வு கோபமாகவும் குடியாகவும் வெளிப்படுவதால் யாரும் அதை நோய் என்று நினைப்பதில்லை. குடி அதை இன்னும் ஆழமாக்குகிறது.

(காட்சி: சித்திரை வெயிலில் வயல்)

வெயிலிலும் ஒரு சிக்கல் உண்டு. அமிட்ரிப்டிலின் போன்ற சில மனச்சோர்வு மாத்திரைகள் வியர்வையைக் குறைத்து உடல் சூட்டை ஏற்றலாம். மனநிலை ஏறி இறங்காமல் காக்கும் லித்தியம் மாத்திரை எடுப்பவருக்கு உடலில் நீர் வற்றினால் ரத்தத்தில் மருந்தின் அளவு கூடிவிடும். எந்த மாதம் வெயிலில் வேலை, எந்த மாதம் வெளியூர் என்பதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அதுவரை யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண் 14416ஐ அழையுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.