சிலம்பை வாங்கும் கை: களரியிலிருந்து கமராவுக்கு

நேயர்களுக்கு வணக்கம். குணச்சித்திர நடிகர் ஒருவரின் தொழிலைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். அரசனைப் பற்றியும் அரசியைப் பற்றியும் பேச ஆட்கள் உண்டு. நான் கோவலன் கூத்தில் வருகிற பொற்கொல்லனை எடுத்துக்கொள்கிறேன்.

வன்னியில், முல்லைத்தீவுப் பக்கத்தில் இந்தக் கூத்துக்குத் தனி ஆட்டமுறை இருக்கிறது. முல்லைமோடி என்பார்கள். களரியை, அதாவது கூத்தாடும் வட்ட மேடையைச் சுற்றி இருப்பது வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு வைகாசியில் பொங்கல் வைக்கிற சனம். சிலம்பைக் களவெடுத்தவன் யார் என்பது மடியில் இருக்கிற பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சனத்துக்கு முன்னால் கண்ணை உருட்டிக் கெக்கட்டமிட்டுச் சிரித்தால் அவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள். பிறகு கோவலன் வெட்டுப்படும்போது அழ ஆளிராது. கெட்டிக்கார நடிகர் பொற்கொல்லனைக் கண்ணியமான மனிசனாகவே கொண்டுவருவார். சிலம்பைக் கையில் வாங்குவார், நிறை பார்க்கிறவர் போல ஒரு கணம் நிற்பார், அதற்குப் பிறகுதான் வாய் திறப்பார். கதை திரும்புவது அந்த ஒரு கணத்தில்.

விடிய விடிய ஆடும் கூத்தில் நீண்ட பாத்திரத்தை முன், பின் என்று பிரித்து வேறுவேறு ஆட்கள் ஆடுவது வழக்கம். பொற்கொல்லனுக்கு அந்தச் சலுகை இல்லை. சாமம் கடந்து வருகிறவர் அவர். அதுவரை பனியில் தலைமூடாமல் திரியக்கூடாது, வயிறு முட்டச் சாப்பிடக்கூடாது, ஐஸ் தண்ணி கூடாது. வரவுக்குப் பத்து நிமிடம் முன்பு வாயை மூடிக்கொண்டு தாழ்ந்த சுருதியில் முனகித் தொண்டையைச் சூடாக்க வேண்டும். எடுத்த எடுப்பில் மேல்சுருதியைப் பிடித்தால் இரண்டாவது தருவிலேயே, அதாவது இரண்டாவது கூத்துப் பாட்டிலேயே, குரல் கம்மிவிடும்.

ஒப்பனைக்கு வருவோம். முந்திப் பெற்றோமக்ஸ் வெளிச்சத்தில் முகம் எடுபடுவதற்காக முத்துவெள்ளையும் அரிதாரமும் தடிப்பாகப் பூசினார்கள். அரிதாரம் என்பது ஆர்செனிக் கலந்த கனிமம், நஞ்சு. அதை இனி யாரும் தொடவேண்டியதில்லை. கடையில் விற்கும் ஒப்பனைக் களிம்பே போதும். தாடி ஒட்டுவதில்தான் அநேகமானவர்கள் கோட்டை விடுகிறார்கள். வன்னி வெக்கையில் வியர்வை பசையை இளக்கிவிடும். தாடையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, எண்ணெய்ப்பசை துளியும் இல்லாமல் துடைக்க வேண்டும். பசையை மெல்லிதாகப் பூசி, விரல் வைத்தால் ஒட்டுகிற பதம் வரும்வரை பொறுக்க வேண்டும். மயிரைச் சிறு சிறு கற்றையாக நாடிக்குக் கீழே தொடங்கி மேல்நோக்கி அடுக்கி, ஈரத்துணியால் அழுத்த வேண்டும். மேலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு கற்றையின் அடியும் வெளியே தெரியும். வாயோரத்தில் பசை குறைவாக இருப்பது நல்லது. இல்லாவிட்டால் பாடும்போது இழுபடும்.

இலங்கையில் தொலைக்காட்சி 1979இல் தொடங்கியது, தேசியத் தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982இல் வந்தது. போர்க்காலத்தில் மின்சாரமே இல்லாமல் கிடந்த வன்னியில் மேடைதான் நடிகருக்குப் பள்ளிக்கூடம். அங்கே பழகிய ஒருவர் கமராவுக்கு முன்னால் போனால் முதலில் அவருடைய தோள்தான் காட்டிக்கொடுக்கும். கடைசி வரிசைக்கும் தெரிவதற்காகத் தோளிலிருந்து கையை வீசிப் பழகியவர் அவர். கிட்டத்துப் படப்பிடிப்பில் அந்தக் கை சட்டகத்துக்கு வெளியே போய்விடும், திரையில் தோள் மட்டும் துள்ளும். கையை முழங்கைக்குக் கீழே அடக்கிக்கொண்டு மிச்சத்தைக் கண்ணிடம் விடவேண்டும். எதிரில் நிற்பவரின் இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தால் திரையில் விழி அலைபாயும். கமராவுக்குக் கிட்ட உள்ள கண் எதுவோ அதை மட்டும் பார்த்தால் போதும்.

நிற்கவேண்டிய இடத்தைக் குனிந்து பார்க்கவும் கூடாது. முதலில் அந்த இடத்தில் போய் நின்று, அங்கிருந்து தொடங்கும் இடத்துக்குப் பின்பக்கமாக நடந்து அடியை எண்ணிக்கொள்வார்கள். பிறகு அதே எண்ணிக்கையில் முன்னால் வந்தால் கால் தானாக அங்கே நிற்கும். சீமெந்துத் தரையில் அடையாளத்துக்கு ஒட்டுநாடா ஒட்டலாம். எங்கள் மணல் முற்றத்தில் ஒட்டுநாடா நிற்காது, கால் தட்டுப்படுகிற மாதிரி ஒரு தடியைப் புதைத்துவைப்பது வசதி.

வெள்ளை வேட்டி இன்னொரு தொல்லை. மத்தியான வெயிலில் கமராவுக்கு வேட்டி மட்டும் வெளிறி எரியும், கறுத்த முகம் இருண்டுபோகும். தேயிலைச் சாயத்தில் ஒருதரம் முக்கி உலர்த்தினால் சரி. கஞ்சி போடவேண்டாம். சட்டைக்குள் குத்திய சின்ன மைக்கில் அந்தச் சரசரப்பு முழுவதும் ஏறும்.

கூத்தில் முன் கோவலன் போய்ப் பின் கோவலன் வந்தாலும் சனம் அவரைக் கோவலனாகவே ஏற்றுக்கொள்ளும். தொலைக்காட்சியில் ஆள் ஒருவரேதான், ஆனால் துவாய் இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாறினால்கூட வீட்டில் இருப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். காட்சிகளை ஒழுங்கு மாறி எடுப்பதால் வருகிற வினை இது. செம்பை எந்தச் சொல்லில் எடுத்தோம், எந்தக் கையில் பிடித்தோம் என்று வசனத்துக்குப் பக்கத்திலேயே பென்சிலால் குறித்துவைக்க வேண்டும். உதவி இயக்குநர் பார்த்துக்கொள்வார் என்று விட்டால், பிழை திரையில் வருவது நடிகரின் முகத்தோடுதான். மற்றவர் வசனம் முடியுமுன் நம் வசனத்தை ஏற்றிவிட்டால் தொகுப்பில் இரண்டையும் பிரிக்க வழியில்லை. மேடையில் அது வேகம், இங்கே அது வீண்செலவு.

இந்தத் தொழிலில் தேடி வருவது அநேகமாகத் தாத்தா, விதானையார், கடைக்காரர் பாத்திரங்கள்தான். ஒரு நாளுக்கு ஒரு காட்சி, பிறகு பல நாள் இடைவெளி. அந்த இடைவெளியில் தாடியை வழித்தாலோ வேறு நாடகத்துக்காகத் தலைமயிரை வெட்டினாலோ முதலில் எடுத்தது வீணாகும். ஆகவே ஒப்புக்கொள்ளும்போதே கடைசிப் படப்பிடிப்பு எந்தக் கிழமை, அதுவரை தாடி மயிர் எப்படி இருக்கவேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கூத்து நேர்த்திக்கடனுக்காக ஆடுவது, கணக்குப் பார்ப்பதில்லை. தொலைக்காட்சியில் கணக்குத்தான் முதல். போக்குவரத்து யார் பொறுப்பு, கொழும்பில் தங்குமிடம் யார் பொறுப்பு, பின்னர் குரல்பதிவுக்கு மறுபடி கூப்பிட்டால் அதற்குத் தனிச் சம்பளமா என்று முன்கூட்டியே கேட்பதில் வெட்கம் எதற்கு? குரல்பதிவில் நாற்காலியில் இருந்துகொண்டு பேசினால் மூச்சு அடங்கிக் குரல் வேறு ஆளுடையதாகிவிடும். எழுந்து நின்று, காட்சியில் கை எதைப் பிடித்திருந்ததோ அதே நிறையில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும். கைக்குக் கிடைப்பது தண்ணீர்ப் போத்தலாக இருந்தாலும் பரவாயில்லை. வணக்கம்.