எண்டர் தட்டினால் கவிதையா?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். எதிரணிக்கும் வணக்கம், சற்று நேரத்தில் அவர்களுக்கு அது தேவைப்படும்.

அமெரிக்க எழுத்தாளர் ஜாக்குலின் வுட்சனுக்குப் பெருமை சேர்த்தவை அவர் முதலில் எழுதிய சிறுவர் நாவல்களா, பிறகு எழுதிய கவிதைகளா? இதுதான் தலைப்பு. நான் கவிதை அணி. உண்மையைச் சொன்னால், சீட்டுக் குலுக்கியதில் இந்தப் பக்கம் விழுந்தது. வாய்த்த இடத்தில் வாழ்ந்துவிட வேண்டியதுதான்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் கணக்கெல்லாம் போட்டார். 1990-இல் முதல் நாவல். 2001-இல் 'மிராக்கிள்ஸ் பாய்ஸ்' நாவலுக்கு கொரெட்டா ஸ்காட் கிங் விருது. சரி, எதையும் மறுக்கவில்லை. ஆனால் போகிற போக்கில் ஒன்று சொன்னார் பாருங்கள்: "உரைநடையை எழுதிக்கொண்டே போய் நடுநடுவே எண்டர் தட்டினால், அதுதான் இந்தம்மாவின் கவிதை!" நீங்களும் கைதட்டினீர்கள். முன்வரிசையில் ஒரு பெரியவர் விசிலே அடித்தார்.

நடுவர் அவர்களே, இதே நண்பர் நேற்று ராத்திரி எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார். அப்படியே வாசிக்கிறேன். "நாளைக்கு." எண்டர். "எத்தனை மணி." எண்டர். "பஸ்ஸா." எண்டர். "காரா." எண்டர். "டிபன் உண்டா." இதற்கு எந்த அகாதமி விருது கொடுக்கப் போகிறீர்கள்?

எண்டர் எங்கே தட்டுவது என்பதற்கு வுட்சன் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். 2003-இல் வந்த 'லோகோமோஷன்'. லானி என்று பதினொரு வயதுப் பையன். அப்பா அம்மா இருவரையும் தீ விபத்தில் பறிகொடுத்தவன். தங்கை வேறொரு வீட்டில் வளர்கிறாள். அவன் டீச்சர் கவிதை எழுதச் சொல்லிக் கொடுக்கிறார். கவிஞனுக்கு எது முக்கியம் என்பதை வரி முறியும் இடம் காட்டிக் கொடுத்துவிடும் என்கிறார். பதினொரு வயதுப் பையனுக்குப் புரிந்தது, நம் நண்பருக்கு ஐம்பத்திரண்டு.

இப்போது ஒரு கதை. 2014-இல் வந்த 'பிரவுன் கேர்ள் ட்ரீமிங்'. தன் இளமைக் காலத்தை முழுக்கக் கவிதையாகவே எழுதினார். அதில் வருகிறது. 1963, ஒஹையோ மாநிலம் கொலம்பஸ். ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அப்பா பெயர் ஜாக். மனுஷன் சொல்கிறார்: "என் பெயரையே இவளுக்கும் வைப்போம். ஜாக்."

பெண் குழந்தைக்கு ஜாக்! நம்மூரில் முருகேசன் என்று வைத்த மாதிரி. அம்மா முடியாது என்றுவிட்டார். அத்தைமார், அதாவது அப்பாவின் தங்கை அக்காள், குழந்தையின் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிறார்கள், கால் விரலை இழுத்துப் பார்க்கிறார்கள். பிறகு அண்ணியின் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கிசுகிசுக்கிறார்கள்: "ஆம்பளைப் பிள்ளைக்கு ஜாக்னு வெச்சதே போதாதா?"

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, மறுபடி சொல்கிறேன். நாத்தனார்கள். கூடப் பிறந்தவனை விட்டுவிட்டு. அண்ணி பக்கம். உலக வரலாற்றில் இப்படி நடந்ததற்கு எழுத்துப்பூர்வமான ஆதாரம் இது ஒன்றுதான், அதுவும் கவிதையில்தான் இருக்கிறது! நாவல் அணிக்கு இதற்கு மேல் என்ன பதில் வேண்டும்?

அப்பா விடவில்லை. "ஜாக்னு வெச்சா பொண்ணு தைரியமா வளரும். ஊரே இவளைத் திரும்பிப் பார்க்கும்." அம்மா சொல்கிறார்: "பார்க்கும். பெத்தவங்களுக்குப் பைத்தியமான்னு கேட்கத்தான் பார்க்கும்." இழுபறி போய் ஜாக்கி என்ற இடத்தில் நிற்கிறது. அப்பா கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் அம்மா நாத்தனார்களிடம் பேனாவைக் கேட்டு வாங்கி, படிவத்தில் பெயர் எழுதும் இடத்தில் எழுதினார்: ஜாக்குலின். ஜாக்கியில் வாலை வெட்டிவிட்டு யாராவது ஜாக் என்று கூப்பிட்டுவிட்டால்? மகள் வளர்ந்து, ஜாக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போக ஆசைப்பட்டால்?

அந்தக் கவிதையின் கடைசி வரி என்ன தெரியுமா? ஒரே ஒரு சொல். ஜாக். விலகி, என்று எழுதி எண்டர் தட்டுகிறார். அடுத்த வரியில் அப்பா பெயர் தனியாக நிற்கிறது. துணைக்கு ஒரு சொல் இல்லை. கொஞ்ச காலத்தில் அந்த அப்பா அம்மா பிரிந்தார்கள். அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தென் கரோலினாவில் கிரீன்வில் என்ற ஊருக்குப் பிறந்த வீட்டோடு வந்துவிட்டார். அங்கே தாத்தாவைத்தான் அந்தக் குழந்தைகள் டாடி என்று கூப்பிட்டன. ஜாக் அந்த வரியில் நின்றது நின்றதுதான்.

நண்பரே, அது எண்டர் இல்லை. வாசப்படி.

விருதுகளைப் பற்றிச் சொல்ல வைத்திருந்தேன். 2014-இல் தேசியப் புத்தக விருது, 2015-இல் இளையோருக்கான கவிஞர் என்ற பட்டம். நடுவர் மணியைப் பார்க்கிறார், விட்டுவிடுகிறேன். வேறொன்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

என்னைப் பள்ளியில் சேர்த்தபோது என் பெயரைப் படிவத்தில் எழுதியது என் அம்மா இல்லை. ஒரு வாத்தியார். அம்மா சொன்னது ஒரு பெயர், அவர் காதில் விழுந்தது ஒரு பெயர். எழுதியதைக் காட்டி "சரியா?" என்று கேட்டாராம். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "சரிங்கய்யா" என்று சொல்லி, கட்டைவிரலை மையில் தொட்டு வைத்துவிட்டு வந்தார். நாலாம் வகுப்பில் நான் எழுத்துக் கூட்டி என் பெயரை வாசித்துக் காட்டியபோதுதான் அவருக்கே தெரியும். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

அதனால் அந்தக் கவிதையில் நாத்தனார்களுக்குச் சிரித்துக்கொண்டே வந்தவன், அம்மா பேனா கேட்கிற வரியில் நின்றுவிட்டேன். அதற்கு மேல் ரொம்ப நேரம் படிக்க முடியவில்லை.

அந்தப் பேனா எழுதிய பெயர்தான் புத்தகத்தின் அட்டையில் இருக்கிறது. 2014-இல் விருது மேடையில் அந்தப் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுதிய அம்மா அப்போது உயிரோடு இல்லை.

மணி அடித்துவிட்டது. நன்றி, வணக்கம்.