மோதிரக் கையின் குட்டு

(கையால் பந்தை எறிந்து கோல் போடும் ஹேண்ட்பால் ஆட்டத்தின் பயிற்சி முகாம் ஒன்றின் மாலை நிகழ்ச்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். காலையிலிருந்து ஓடிக் களைத்திருக்கிறீர்கள், பசி வேறு இருக்கும். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

ஸ்கோப்யே என்று ஓர் ஊர். வட மாசிடோனியாவின் தலைநகர். அந்த நாட்டில் இருக்கும் மொத்த ஜனமே இருபது லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. நம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் அதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள். அந்த ஊருக்குள் ஓடும் ஆற்றின் பெயர் வர்தார். அந்த ஆற்றின் பெயரை வைத்துக்கொண்டு 1961இல் தொடங்கிய ஒரு கிளப், 2017இலும் 2019இலும் ஐரோப்பாவின் சிறந்த ஹேண்ட்பால் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கியது. 2017இல் இறுதி ஆட்டத்தில் தோற்றது பாரிஸ். நிகோலா கரபாதிச், மிக்கேல் ஹான்சன், கோல் வாசலில் தியரி ஒமேயர் என்று நம் ஆட்டத்தின் பெரிய பெயர்கள் எல்லாம் இருந்த அணி. 23-23 என்று இருந்த ஆட்டத்தில் கடைசி நொடியில் இவான் சூப்பிச் போட்ட கோல், 24-23.

இது எப்படி நடந்தது என்று கேட்டால் பணம் என்பார்கள், ஸ்பானியப் பயிற்சியாளர்கள் என்பார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் நான் இன்று பேச வந்தது, அதிகம் பேர் கவனிக்காத மூன்றாவது காரணத்தைப் பற்றி. அது ஒரு லீக். சேஹா லீக் என்று பெயர். தென்கிழக்கு ஹேண்ட்பால் சங்கம் என்பதன் சுருக்கம். 2011இல் ஆரம்பித்தார்கள், தலைமையகம் குரோஷியாவின் ஜாக்ரெப். அதன் 2018-19 பருவத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. நம் பத்திரிகைகளில் 'கைப்பந்து' என்று போட்டால் அது வாலிபால். 'எறிபந்து' என்றால் த்ரோபால். நம் ஆட்டத்துக்குத் தமிழில் ஒரு பெயர்கூட மிச்சம் வைக்கவில்லை. அதனால் நான் ஹேண்ட்பால் என்றே சொல்கிறேன்.

சரி, லீக்குக்கு வருவோம். யூகோஸ்லாவியா ஒரே நாடாக இருந்தபோது உலகத்திலேயே பலமான ஹேண்ட்பால் அங்கேதான் ஆடப்பட்டது. 1972 மியூனிக்கிலும் 1984 லாஸ் ஏஞ்சலஸிலும் ஒலிம்பிக் தங்கம். 1986இல் உலகக் கோப்பை. ஷாபாட்ஸ் என்ற சின்ன ஊரின் மெட்டலோபிளாஸ்டிகா அணி 1985, 1986 என்று அடுத்தடுத்து ஐரோப்பியக் கோப்பை வாங்கியது. அத்தனை பெரிய அணிகளும் ஒரே லீக்கில் வாரா வாரம் மோதிக்கொண்டிருந்தன.

நாடு உடைந்தது. போர் வந்தது. லீக்கும் துண்டு துண்டானது. குரோஷியாவுக்கு ஒரு லீக், செர்பியாவுக்கு ஒன்று, மாசிடோனியாவுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஓர் அணி பெரியது, மற்றவை சிறியவை. குரோஷிய லீக்கை ஏறத்தாழ எல்லா ஆண்டும் ஜாக்ரெப் அணியே வென்றது. வெல்வது கெட்டதா என்று நினைப்பீர்கள். பதினைந்து கோல் வித்தியாசத்தில் வெல்கிற ஆட்டத்தில் நாம் ஒன்றும் கற்றுக்கொள்வதில்லை. அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

நான் ஆடிய காலத்தில் எங்கள் கல்லூரி அணி மூன்று வருஷம் மாவட்டத்தில் தோற்கவே இல்லை. லெஃப்ட் பேக் ஆடியவன் நான், அதாவது இடப்பக்கம் பின்னாலிருந்து ஓடிவந்து எறிகிறவன். மூன்று ஸ்டெப், ஒரு ஜம்ப், கையை ஓங்கினால் கோல். தடுப்பவர்கள் கோலுக்கு முன்னால் இருக்கும் ஆறு மீட்டர் கோட்டிலேயே நின்று கையைத் தூக்குவார்கள், அவ்வளவுதான். அப்புறம் வெளிமாநிலத்தில் ஒரு போட்டிக்குப் போனோம். முதல் தடவை நான் ஓடிவந்தபோது, தடுப்பாட்டக்காரர் ஒன்பது மீட்டருக்கே ஏறி வந்துவிட்டார். நான் குதிக்கவே இல்லை. எறியும் கையில் அவர் மார்பு வந்து முட்டியது, பந்து என் கையிலிருந்து நழுவிப் பின்னால் போனது. அவர்கள் அதை எடுத்துப் போய் கோல் போட்டார்கள். இரண்டாவது தடவையும் அதேதான். பத்து நிமிஷத்தில் 2-9. எனக்குக் கோபம் வரவில்லை, புரியவில்லை. இப்படியும் தடுக்கலாம் என்று மூன்று வருஷமாக எனக்கு யாரும் காட்டவே இல்லையே என்றுதான் அழுகை வந்தது.

குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பார்கள். அந்த மோதிரக் கை பக்கத்தில் இருக்க வேண்டும், வருஷத்துக்கு ஒரு முறை அல்ல, மாதத்துக்கு இரண்டு முறை கிடைக்க வேண்டும். சேஹா லீக் அதைத்தான் செய்தது. ஒன்றோடொன்று போரிட்ட நாடுகளின் கிளப்புகள் மறுபடி ஒரே அட்டவணைக்குள் வந்தன. யூகோஸ்லாவியாவில் இல்லாத நாடுகளும் சேர்ந்தன. ஹங்கேரியின் வெஸ்ப்ரேம், ஸ்லோவாக்கியாவின் தத்ரான் ப்ரெஷோவ், பெலாரஸின் மெஷ்கோவ் ப்ரெஸ்ட். ஸ்கோப்யேவிலிருந்து ப்ரெஸ்ட் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஒரு பருவத்தில் வீரர்கள் பையில் தினார், குனா, ஃபோரிண்ட், ரூபிள், யூரோ என்று ஐந்தாறு நாட்டுக் காசு கிடக்கும். எல்லைச் சாவடிகளில் பாஸ்போர்ட்டோடு நிற்க வேண்டும். அவ்வளவு சிரமப்பட்டு அவர்கள் தேடிப் போனது ஒன்றே ஒன்றுதான், தங்களுக்குச் சமமான எதிராளி.

2018-19 பருவத்தில் வர்தாரின் நிலைமையைக் கேளுங்கள். அந்தக் கிளப்பை வளர்த்தவர் செர்கேய் சம்சோனென்கோ என்ற ரஷ்யத் தொழிலதிபர். அவர் பணத்தைக் குறைத்துக்கொண்டு விலகத் தொடங்கினார். முதலில் அடிபட்டது பெண்கள் அணி. 2017, 2018 இரண்டு ஆண்டும் ஐரோப்பிய இறுதி ஆட்டத்துக்குப் போய், இரண்டு முறையும் கூடுதல் நேரத்தில் ஒரே ஒரு கோலில் ஹங்கேரியின் க்யோரிடம் தோற்ற அணி அது. அப்படிப்பட்ட அணியின் வீராங்கனைகள் ஆளுக்கொரு நாடாகப் பிரிந்து போனார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் மனசு கனக்கிறது. இங்கே உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளைகள் அந்த இரண்டு ஆட்டங்களையும் தேடிப் பாருங்கள், கோப்பை வாங்கிய ஆட்டங்களைவிட அவை பெரியவை.

ஆண்கள் அணியில் சம்பளம் மாதக்கணக்கில் தாமதமானது. கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளர் ராவுல் கொன்சாலெஸ் பாரிஸுக்குப் போய்விட்டார். அவருக்கு உதவியாக இருந்த டேவிட் டேவிஸ், சேஹாவில் வர்தாரின் பெரிய போட்டியாளரான வெஸ்ப்ரேமுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். பருவத்தின் நடுவே, 2019 பிப்ரவரியில், நாட்டின் பெயரே மாறியது. மாசிடோனியாவின் அணியாகப் பருவத்தைத் தொடங்கியவர்கள் வட மாசிடோனியாவின் அணியாக முடித்தார்கள்.

இந்த நிலைமையில் சேஹா கோப்பையை அவர்கள் வென்றார்கள். மொத்தத்தில் ஐந்தாவது முறை. அதற்கப்புறம் ஜூன் மாதம் சாம்பியன்ஸ் லீக்கின் கடைசி ஆட்டங்கள், ஜெர்மனியின் கொலோன் நகரத்தில். இருபதாயிரம் பேர் உட்காரும் அரங்கம். அரையிறுதியில் பார்சிலோனாவை 29-27 என்று தோற்கடித்தார்கள். ஜூன் 2ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் எதிரே வந்து நின்றது யார்? வெஸ்ப்ரேம். ஜெர்மனியின் பெரிய லீக்கிலிருந்து ஒருவரும் இல்லை, பிரான்ஸிலிருந்தும் இல்லை. ஐரோப்பாவின் கடைசி இரண்டு அணிகளும் சேஹா லீக்கில் வளர்ந்தவை. எதிரணி பெஞ்சில் டேவிஸ் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு வர்தாரின் ஒவ்வொரு நகர்வும் தெரியும், வர்தாருக்கு வெஸ்ப்ரேமின் ஒவ்வொரு கையும் தெரியும்.

ஒரு கையைத் தெரிந்து வைத்திருப்பது என்றால் என்ன? ஒன்பது மீட்டரிலிருந்து வரும் வேகமான எறி கோலுக்குள் போக அரை நொடிகூட ஆகாது. பந்தைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினால் பந்து வலைக்குள் இருக்கும். கோல்கீப்பர் பார்ப்பது பந்தை அல்ல, தோளை. இவன் இடுப்பைத் திருப்பினால் பந்து தூரக் கம்பத்துக்குப் போகும், முழங்கை தாழ்ந்தால் காலடியில் வரும் என்று முன்பே மனசுக்குள் பதிந்திருக்க வேண்டும். மூன்று பந்துக்கு ஒன்றைத் தடுத்தாலே அவர் நல்ல கோல்கீப்பர். அந்த மூன்றில் ஒன்று, முன்பு அதே ஆளிடம் வாங்கிய கோல்களிலிருந்து வருகிறது. வீடியோ உதவும், நான் மறுக்கவில்லை. ஆனால் எதிரே நின்று வாங்கிய பந்து சொல்லித் தருவதை வீடியோ சொல்லித் தராது.

வர்தார் 27-24 என்று வென்றது. சம்பளம் பாக்கி இருந்தவர்கள் அவர்கள். ஊருக்குத் திரும்பியபோது ஸ்கோப்யே தெருவில் இறங்கிக் கொண்டாடியது.

அடுத்த பருவத்தில் இன்னொன்று நடந்தது. சீனாவின் பெய்ஜிங் விளையாட்டுப் பல்கலைக்கழக அணி சேஹா லீக்கில் சேர்ந்து ஆடியது. ஆசியாவிலிருந்து அவ்வளவு தூரம் போய் அந்த அட்டவணைக்குள் தங்களை நிறுத்திக்கொண்டார்கள். குட்டுப்படத்தான் போனார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த லீக்கின் நெற்றியில் காஸ்ப்ரோம் என்ற ரஷ்ய எரிவாயு நிறுவனத்தின் பெயர் இருந்தது. 2022இல் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததும் ரஷ்ய, பெலாரஸ் கிளப்புகளை ஐரோப்பிய ஹேண்ட்பால் கூட்டமைப்பு நிறுத்திவைத்தது. ப்ரெஸ்ட் அணிக்கு வாசல் மூடியது. பணம் ஒரே கையிலிருந்து வருவது எவ்வளவு ஆபத்து என்பதை வர்தாரும் பார்த்தது, லீக்கும் பார்த்தது. நாளைக்கு உங்களில் யாராவது சங்கப் பொறுப்புக்கு வந்தால், பத்துப் பேரிடம் பத்துப் பத்தாக வாங்குங்கள்.

நாளைக் காலை ஆறரை மணிக்கு, ஓட்டம் முடிந்ததும், அந்த 2019 இறுதி ஆட்டத்தை இங்கேயே திரையில் போடச் சொல்லியிருக்கிறேன். முதல் பத்து நிமிஷம் யாரும் பந்தைப் பார்க்காதீர்கள். வர்தாரின் கேப்டன் ஸ்தோயான்சே ஸ்தோயிலோவை மட்டும் பாருங்கள். பைவட். ஆறு மீட்டர் கோட்டில் முதுகைக் காட்டி நின்று, இரண்டு ஆளைத் தன் உடம்பாலேயே பிடித்து வைத்திருப்பார். அவர் கால் எந்தப் பக்கம் நகரும்போது பேக் ஓடத் தொடங்குகிறார் என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். எத்தனை தடவை என்று பைவட் ஆடுகிறவர்களிடம்தான் முதலில் கேட்பேன்.