ராஜாக்கள் மெதுவாகவே வரட்டும்

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் வந்துவிட்டது, கிறிஸ்துமஸ் பற்றிப் பேசலாம். அலங்கார வீடியோ, பரிசு வாங்கும் வீடியோ எல்லாம் நிறையப் பேர் போட்டுவிட்டார்கள். அதனால் இது வேறு.

கல்லூரி முடித்த பிறகு எனக்குக் கிறிஸ்துமஸ் ஒரு விடுமுறை நாள், அவ்வளவுதான். பிள்ளைகள் பிறந்ததும் அது வேலையாகிவிட்டது. துணி எடு, பரிசு வாங்கு, பொட்டலம் கட்டு, விளக்குச் சரத்தில் எந்த பல்ப் எரியவில்லை என்று தேடு. சந்தோஷம் பிள்ளைகளுக்கு, அதைப் போட்டோ எடுப்பது எனக்கு. பெற்றோர் பலருக்கு இப்படித்தான் போகிறது என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஒரு வருடம், இயேசு பிறந்த காட்சியைப் பொம்மைகளால் காட்டும் குடிலை வைக்கும்போது மூத்தவள் கேட்டாள்: "பாப்பா ஏன்பா மாட்டுத் தொட்டியில படுத்திருக்கு?" சத்திரத்தில் இடமில்லையாம் என்றேன். "யாராவது கொஞ்சம் நகர்ந்து படுத்திருக்கலாம்ல?"

எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. அன்று ராத்திரி பைபிளில் லூக்கா இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் படித்தேன். படித்தால், அங்கே மாடும் இல்லை, கழுதையும் இல்லை! தீவனத் தொட்டி மட்டும்தான் இருக்கிறது. மத்தேயுவைப் புரட்டினால், குழந்தையைப் பார்க்க வந்த ஞானிகள் மூன்று பேர் என்றும் எழுதவில்லை. பொன், தூபம், வெள்ளைப்போளம் என்று காணிக்கைதான் மூன்று. அவர்கள் வந்ததும் தொழுவத்துக்கு அல்ல, ஒரு வீட்டுக்கு. ராஜாக்கள் என்றும் மத்தேயு சொல்லவில்லை, நாம்தான் கிரீடம் வைத்துவிட்டோம். சின்ன வயதிலிருந்து தெரிந்த கதை திடீரென்று புதிதாக இருந்தது.

குடிலின் கதையும் அப்படித்தான். 1223ஆம் ஆண்டு, இத்தாலியில் கிரேச்சோ என்ற மலை ஊரில், புனித பிரான்சிஸ் அசிசியார் ஒரு தொட்டியும் வைக்கோலும் நிஜ மாடும் கழுதையும் கொண்டுவந்து கிறிஸ்துமஸ் இரவைக் கொண்டாடினார். அந்தக் குழந்தை பட்ட சிரமத்தைக் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. என் பெண் கேட்டதும் அதே சிரமத்தைப் பற்றித்தானே?

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு விளையாட்டு. பல குடும்பங்களில் இருப்பதுதான், நாங்கள் கண்டுபிடித்தது இல்லை. ஞானிகளைக் குடிலுக்குள் முதலிலேயே வைக்க மாட்டோம். வீட்டின் வேறொரு மூலையிலிருந்து அவர்கள் கிளம்புவார்கள், தினமும் கொஞ்சம் நகர்வார்கள். ஜனவரி 6ஆம் தேதி, ஞானிகளின் திருநாளன்று, வந்து சேர்வார்கள். சின்னப் பிள்ளைகளிடம் "இன்னும் பத்து நாள்" என்றால் ஒன்றும் புரியாது. ஞானிகளின் ஒட்டகம் சோபா வரை வந்துவிட்டது என்றால் புரியும்! எங்கள் ஒட்டகம் பல தூரத்தைத் தீயணைப்பு வண்டியில் ஏறித்தான் கடந்தது. போகட்டும்.

இதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம், அவசரம் போனது. எல்லாம் 25ஆம் தேதி காலைக்குள் நடந்தாக வேண்டும் என்று இல்லை. இரண்டு வயதுப் பிள்ளை ஒரு பரிசைப் பிரித்துவிட்டு அதன் அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டால் விட்டுவிடுங்கள். மற்றவை நாளைக்குப் பிரியட்டும். ஜனவரி 6 வரை கிறிஸ்துமஸ்தான்.

கிறிஸ்துமஸ் தாத்தா பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். "சேட்டை பண்ணினால் தாத்தா பரிசு தர மாட்டார்" என்று மிரட்டுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அந்தத் தாத்தாவுக்கு மூலம் நான்காம் நூற்றாண்டில் மீரா நகரத்தில் ஆயராக இருந்த புனித நிக்கோலாஸ். வறுமையில் இருந்த ஒருவருடைய மூன்று பெண்களின் கல்யாணத்துக்காக, ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் ஜன்னல் வழியாகப் பொன்னைப் போட்டார் என்று கதை. அந்தப் பெண்கள் சமர்த்தா, சேட்டையா என்று அவர் விசாரிக்கவில்லை!

அதனால் பிள்ளைகளையும் நிக்கோலாஸ் ஆக்கிவிட்டோம். வீட்டில் யாருக்காவது தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்ய வேண்டும். மூத்தவள் ரகசியம் காப்பாள். சின்னவன் நேராக வந்து, "அப்பா, உன் செருப்பை நான்தான் ரகசியமாத் துடைச்சேன்" என்பான். எதனால் துடைத்தான் என்று கேட்கக் கூடாது.

எல்லா நாளும் இப்படி இனிமையாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். தூக்கம் கெட்ட பிள்ளைகள் அழுவார்கள், யார் மெழுகுவர்த்தி ஏற்றுவது என்று சண்டை வரும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் திருவருகைக் காலத்தில் ஞாயிறுக்கு ஒன்றாக நான்கு மெழுகுவர்த்தி, எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். கணக்கு சரியாகத்தான் வருகிறது, ஆனாலும் சண்டை.

சரி, நான் கிளம்புகிறேன். இந்த வருடம் ஞானிகள் குளியலறையிலிருந்துதான் புறப்பட வேண்டுமாம், சின்னவன் சொல்லிவிட்டான். பொம்மைகள் களிமண். யாராவது தண்ணீரைத் திறப்பதற்குள் நான் போய் அவர்களை அலமாரியில் ஏற்ற வேண்டும்.