நாகர்கோவில் ஹோம் சர்ச்சின் கருங்கல் சுவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். நாகர்கோவிலின் ஹோம் சர்ச்சுக்கு 1819 ஜனவரி 1ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. நாட்டியவர் லண்டன் மிஷன் என்னும் ஆங்கிலேயப் புராட்டஸ்டண்ட் ஊழிய அமைப்பைச் சேர்ந்த ரிச்சர்ட் நில். பணியை முன்னெடுத்தவர்கள் சார்லஸ் மீட்டும், அந்த ஆண்டின் இறுதியில் வந்து சேர்ந்த சார்லஸ் மால்ட்டும்.

இதன் வேர் நம் மாவட்டத்து மயிலாடி என்னும் ஊரில் இருக்கிறது. அவ்வூரின் முதல் கிறிஸ்தவரான மகாராசன் வேதமாணிக்கத்தின் அழைப்பை ஏற்று 1806இல் திருவிதாங்கூருக்குள் வந்த மிஷனரி ரிங்கல்தௌபே, 1809இல் அங்கே முதல் ஆலயத்தை எழுப்பினார். அவர் 1816இல் ஊரைவிட்டுச் சென்ற பின், அடுத்த மிஷனரி வரும்வரை சபையைக் கலையாமல் காத்தவர் வேதமாணிக்கமே. அவருக்குரிய இடத்தை நாம் இன்னும் முழுமையாகத் தரவில்லை என்பது என் எண்ணம். 1818இல் வந்த மீட், மிஷன் தலைமையிடத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார். ஆங்கிலேய அரசின் பிரதிநிதியான ரெசிடெண்ட் மன்றோவின் பரிந்துரையால், திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் மீட் தங்குவதற்கு ஒரு பங்களாவும், செமினாரி என்னும் மிஷன் கல்விக்கூடத்தின் செலவுக்கு வயல் வாங்க 5,000 ரூபாயும் அளித்தார். ஆலயத்துக்கான கல்லையும் மரத்தையும் கோவில் யானைகள் இழுத்து வந்தன என்று இங்கே தலைமுறைகளாகச் சொல்லி வருகிறார்கள்.

இந்தக் கட்டடத்தின் அளவை அன்றைய சமூக நிலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஓடு வேய்ந்த வீடு கட்டக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, பெண்கள் மார்பை மறைக்கும் தோள்சீலை போடக் கூடாது என்று தடுக்கப்பட்டிருந்த மக்கள்தாம் இச்சபையில் பெரும்பான்மையினர். ஓலைக் குடிசையிலிருந்து புறப்பட்டு வந்த அவர்கள், கருங்கல் சுவர்களுக்கு நடுவே, உயர்ந்த கூரையின் கீழ், பிரசங்கம் கேட்க உட்கார்ந்தார்கள். 1820களில் தோள்சீலைக் கலவரங்கள் மூண்டு சிற்றூர்களில் ஓலைக் கூரைச் சிற்றாலயங்கள் எரிக்கப்பட்ட காலத்தில், கல்லால் கட்டியதன் பொருள் அவர்களுக்கு நன்றாக விளங்கியிருக்கும். தோள்சீலை உரிமைக்கான அரச அறிவிப்பு வந்தது 1859இல்தான்.

லண்டன் மிஷன் மரபில் பிரசங்கமே வழிபாட்டின் மையம். ஆகவே சிலைகளுக்கோ பல பீடங்களுக்கோ தேவையில்லாமல், எல்லோரும் பிரசங்கியாரைப் பார்க்கவும் கேட்கவும் ஏற்ற ஒரே விரிந்த கூடமே முதல் தேவையாயிற்று. ஆண்டுக்கு இரண்டு பருவமழை காணும் நம் மாவட்டத்துக்குக் கல்லும் சுண்ணாம்புக் காரையும் பொருத்தமானவை. காரைச் சுவர் ஈரத்தை வாங்கி மெல்ல வெளியே விடும். பழைய ஆலயங்களைப் புதுப்பிக்கும் சபையார், அச்சுவர்களின்மேல் சிமெண்டைப் பூசி ஈரத்தை உள்ளே அடைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார்களைத் தேடிப் பிடித்து வேலை கொடுங்கள்.